அம்மாவின் விருப்பத்தைக் கணினி கணக்குப் போட்டுச் சொன்னது: எவ்வளவு நம்பலாம்?

கரையோரம்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வயது 79. சிறுநீரகம் இரண்டும் பல வருடமாக மெல்லப் பழுதாகி வந்து, இப்போது ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) 11-ல் நிற்கிறது. சில மாதங்களுக்குள் ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்னால் இருப்பது மூன்று வழி. வாரத்துக்கு 3 நாள் மையத்துக்குப் போய் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்வது ஒன்று. வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவத்தை விட்டு எடுக்கும் டயாலிசிஸ் இன்னொன்று. டயாலிசிஸே வேண்டாம், மருந்தும் கவனிப்பும் போதும் என்று இருந்துகொள்வது மூன்றாவது.

போன வாரம் அம்மா கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்து, முடிவெடுக்க உதவும் கருவி என்றார்கள். 12 கேள்விகள். ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டங்கள். இடது கட்டத்தில் ‘36 மாதம், வாரம் 3 நாள் ஆஸ்பத்திரி, நல்ல களைப்பு’, வலது கட்டத்தில் ‘30 மாதம், ஆஸ்பத்திரிப் பயணம் இல்லை, லேசான களைப்பு’ என்பது போல. இரண்டில் எது பரவாயில்லை என்று தொட வேண்டும். முடிவில் மூன்று பட்டைகள் வந்தன. மையத்தில் டயாலிசிஸ் 71, வீட்டில் 18, டயாலிசிஸ் இல்லாமல் 11. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, “அம்மாவுக்கு மையத்தில் செய்துகொள்வதுதான் விருப்பம் போலிருக்கிறது” என்றார். அம்மாவும் தலையாட்டிவிட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த 71 எதனுடைய 71? 12 தடவை விரலால் தொட்டதை வைத்து ஒருவர் மனதில் இருப்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது விளக்கினால் பெரிய உதவி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் விரலை வைப்பதற்கு முன்னால் அம்மா என் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

எண்திசை

இந்த மாதிரிக் கணக்குகளைத்தான் பல வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 71. அது பிழைக்கும் வாய்ப்பு இல்லை, சிகிச்சை பலிக்கும் வாய்ப்பும் இல்லை. அம்மா தந்த 12 விடைகளோடு எந்த வழி எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கான அளவு மட்டும்தான். இதைப் பெரிய எழுத்தில் திரையிலேயே போட்டிருக்க வேண்டும். போடாமல் விடுவது பெரிய தவறு. நான் பார்த்த பலர் அதைப் பிழைக்கும் சதவீதம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

கணக்கு எப்படி என்றால், ஒருவர் ஒரு வாழ்க்கையை எடை போடும்போது அதன் ஒவ்வொரு கூறுக்கும் மனதில் ஒரு எடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறோம். அந்த எடையை நேரடியாகக் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. இரண்டு வாழ்க்கையைக் காட்டி எது என்று கேட்டால் சொல்லிவிடலாம். அந்தத் தேர்வுகளிலிருந்து எடைகளைப் பின்னோக்கிப் பிடிக்கிறோம். இதற்கான புள்ளியியல் முறையை 1970-களில் உருவாக்கியவர் பொருளாதார அறிஞர் டேனியல் மெக்ஃபேடன். 2000-ல் நோபல் பரிசு பெற்றார். அவர் முதலில் பார்த்தது மக்கள் பேருந்தில் போவார்களா, காரில் போவார்களா என்பதை. மருத்துவத்துக்கு 1990-களில்தான் வந்தது.

உங்கள் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு மாத ஆயுளுக்கு 1 புள்ளி கூட்டுகிறோம். வாரத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரிப் பயணத்துக்கு 3 புள்ளி கழிக்கிறோம். களைப்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இடது கட்டம்: 36-ல் 9 போக 27. வலது கட்டம்: 30. வலதுதான். அதே பயணத்துக்கு 1.5 புள்ளிதான் கழிவு என்றால்? 36-ல் 4.5 போக 31.5. இடது பக்கம் சாய்ந்துவிட்டது. சரியாக 2 புள்ளியில் இரண்டும் சமம். ஆக, உங்கள் அம்மா விஷயத்தில் எல்லாம் தொங்குவது ஒரே கேள்வியில்தான்: ஒரு நாள் பயணம் அவருக்கு 2-க்கு மேலா, கீழா? 71-ஐப் பற்றி யோசிப்பதைவிட அதைப் பற்றி அவரோடு அரை மணி நேரம் பேசுவது மேல்.

சிறுபாதை

@எண்திசை, ஆயுளை இப்படிப் பயணத்தோடு நிறுத்துப் பார்க்க மனிதர்களுக்கு மனசு வருமா? கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

எண்திசை

வருகிறது. 2012-ல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஆய்வு ஒன்று இதே விஷயத்தில்தான். டயாலிசிஸ் தொடங்க வேண்டிய கட்டத்தில் இருந்த 105 பேரிடம் இப்படிக் கட்டங்களைக் காட்டிக் கேட்டார்கள். ஆஸ்பத்திரிப் பயணங்கள் குறைவதற்காக அவர்கள் சராசரியாக 7 மாத ஆயுளை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள். ஊர் விட்டு ஊர் போய்வரும் சுதந்திரத்துக்கு 15 மாதம். நாம் கேட்காமல் இருந்ததால் அது இல்லை என்று ஆகிவிடாது.

இதைவிட நேரடியாகக் கேட்கும் பழைய முறையும் உண்டு. 1972-ல் கனடாவில் ஜார்ஜ் டாரன்ஸும் கூட்டாளிகளும் கொண்டுவந்தது. ‘இப்போதுள்ள நிலையிலேயே 10 வருடம் இருக்கலாம், அல்லது முழு ஆரோக்கியத்தோடு அதைவிடக் குறைந்த வருடம் இருக்கலாம். எத்தனை வருடம் என்றால் சரி என்பீர்கள்?’ 8 என்றால் உங்கள் நிலையின் மதிப்பு 0.8. இறப்பு 0, முழு நலம் 1. இன்னொரு முறை சூதாட்டம் போல: ‘முழு குணம் தரும், ஆனால் உயிர் போகவும் வாய்ப்புள்ள மாத்திரை ஒன்று இருக்கிறது. எவ்வளவு ஆபத்து வரை விழுங்குவீர்கள்?’ இதன் வேர் 1944-ல் கணித அறிஞர் வான் நியூமனும் பொருளாதார அறிஞர் மோர்கன்ஸ்டெர்னும் எழுதிய கோட்பாடு. கேள்வி கொடூரமாகத் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். ஒரு பெரியவர் என்னிடம் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “என் உயிரை நான் சூதில் வைப்பதில்லை” என்று எழுந்து போய்விட்டார். அவர் பதிலும் ஒரு தரவுதான். அதைப் பதிய அந்தப் படிவத்தில் இடம் இல்லாமல் போனது எங்கள் குறை.

ராப்பணி

நான் டயாலிசிஸ் பிரிவில் 17 வருடமாக நர்ஸ். @கரையோரம், ‘வாரம் 3 நாள், 4 மணி நேரம்’ என்று கட்டத்தில் போட்டிருப்பார்கள். அந்த 4 மணி நேரம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

கிளம்பி வந்து எடை பார்ப்போம். முந்தைய தடவைக்கும் இதற்கும் நடுவில் உடம்பில் சேர்ந்த தண்ணீர் எவ்வளவு என்று அதில் தெரிந்துவிடும். கையில் இரண்டு ஊசி, ஒன்று ரத்தம் வெளியே வர, ஒன்று திரும்பப் போக. ரொம்பப் பேருக்கு முதல் மூன்று மணி நேரம் தூக்கமும் பேச்சுமாகப் போய்விடும். கடைசி ஒரு மணி நேரம்தான் கஷ்டம். தண்ணீர் இழுத்து இழுத்து, கெண்டைக்காலில் பிடிப்பு வரும், பிரஷர் இறங்கும். முடிந்ததும் ஊசியை எடுத்து 10, 15 நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்புறம் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சிலர் சாயங்காலம் எழுந்து உட்கார்வார்கள், சிலர் மறுநாள் காலையில்தான். 4 மணி நேரம் என்பது சிலருக்கு 4 மணி நேரம். சிலருக்கு ஒரு முழு நாள்.

ஆனால் அதே பிரிவில், பக்கத்துப் படுக்கைக்காரரோடு பேசுவதற்காகவே ஆவலாக வருகிறவர்களும் உண்டு. ஆஸ்பத்திரி நாள் என்றால் எல்லோருக்கும் கழிவு என்று யாரும் நினைக்க வேண்டாம். சிலருக்கு அது கூட்டல்.

அப்புறம், அம்மா உங்கள் முகத்தைப் பார்த்தார் என்று எழுதினீர்களே. அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. நான் தினமும் பார்ப்பதுதான் அது. அவர் தொட்டது அவருடைய விருப்பமா, நீங்கள் கலங்கிவிடக் கூடாது என்ற விருப்பமா? கணினிக்கு இரண்டும் ஒரே தொடுதல்தான்.

மூன்றாம் மணி

மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். மாற்றுக் கருத்து ஒன்றை வைக்கிறேன்.

எல்லாவற்றையும் நோயாளியின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. கனடாவில் 1992-ல் வெளியான ஆய்வு ஒன்றில், நலமாக இருந்த பொதுமக்களில் 64 சதவீதம் பேர் ‘எனக்குப் புற்றுநோய் வந்தால் சிகிச்சையை நானே தேர்ந்தெடுப்பேன்’ என்றார்கள். புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களைக் கேட்டபோது 59 சதவீதம் பேர் ‘டாக்டரே முடிவு செய்யட்டும்’ என்றார்கள். நோய் வந்தவர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “உங்கள் அம்மாவாக இருந்தால் என்ன செய்வீர்கள், டாக்டர்?” அந்தக் கேள்விக்கு முகம் கொடுக்காமல் டேப்லெட்டை நீட்டுவது கைகழுவுவது போலத்தான் எனக்குப் படுகிறது.

எண்திசை

டாக்டர், நீங்கள் சொல்வதில் பாதியை அப்படியே ஏற்கிறேன். முடிவை யார் எடுப்பது என்பதும் ஒரு விருப்பம்தான். அதை முதல் கேள்வியாகவே கேட்க வேண்டும்.

ஆனால் ‘டாக்டரே முடிவு செய்யட்டும்’ என்றால் டாக்டர் யாருடைய எடைகளை வைத்து முடிவு செய்வார்? 1990-ல் பிரிட்டனில் வந்த ஆய்வு: கடுமையான கீமோதெரபியை மிகச் சிறிய பலனுக்காகவும் ஏற்கப் புற்றுநோயாளிகள் தயாராக இருந்தார்கள்; மருத்துவர்களும் நர்ஸ்களும் பொதுமக்களும் அந்த அளவுக்குத் தயாராக இல்லை. 2001-ல் இன்னொன்று: இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து பற்றி. பக்கவாதத்தைத் தவிர்க்க நோயாளிகள் அதிக ரத்தக்கசிவு ஆபத்தை ஏற்றார்கள். மருத்துவர்களுக்கு ரத்தக்கசிவுதான் பெரிய பயமாக இருந்தது. இரண்டு தரப்பும் நல்ல எண்ணத்தோடுதான் இருக்கிறது. எடைகள்தான் வேறு வேறு.

மூன்றாம் மணி

மறுக்க மாட்டேன். நானே ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் இது என்னைப் பல நாள் தூங்கவிடாத விஷயம்.

1982-ல் பார்பரா மெக்நீலும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் வேறு இருவரும் சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையா, கதிர்வீச்சா என்று கேள்வி. ஒரு குழுவுக்கு ‘100 பேர் அறுவை செய்துகொண்டால் 90 பேர் பிழைத்து எழுவார்கள்’ என்று சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு ‘100-ல் 10 பேர் இறந்துபோவார்கள்’ என்று. எண் ஒன்றுதான். கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தவர்கள் முதல் குழுவில் 18 சதவீதம், இரண்டாவதில் 44 சதவீதம். கேட்கப்பட்டவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள், அவர்களும் அப்படியே சாய்ந்தார்கள்.

அதைப் படித்த பிறகு நான் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு விதமாகவும் சொல்லப் பழகினேன். ‘90 பேர் எழுந்து வீட்டுக்குப் போவார்கள், 10 பேர் போக மாட்டார்கள்’ என்று ஒரே மூச்சில். அதற்கு முந்தைய வருடங்களில் நான் எந்த வாக்கியத்தைச் சொன்னேனோ அந்தப் பக்கம் எத்தனை பேரைத் தள்ளியிருப்பேன் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

@கரையோரம், உங்கள் கருவி 36 மாதம், 30 மாதம் என்று எந்த ஆதாரத்தில் போட்டது என்று கேளுங்கள். வயதானவர்களுக்கு, அதுவும் வேறு நோய்களும் சேர்ந்து இருப்பவர்களுக்கு, டயாலிசிஸ் தரும் கூடுதல் ஆயுள் இளையவர்களுக்குத் தருவது போல இருப்பதில்லை. 2009-ல் அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரைப் பார்த்தார்கள். ஒரு வருடத்தில் 58 சதவீதம் பேர் இறந்துவிட்டார்கள். தொடங்குவதற்கு முன் தானாகச் செய்துகொண்ட வேலைகளை அதே அளவில் செய்துகொண்டிருந்தவர்கள் 13 சதவீதம் மட்டுமே. அவர்கள் ஏற்கனவே மிகவும் தளர்ந்தவர்கள், உங்கள் அம்மா அப்படி இல்லாமல் இருக்கலாம். அவரைப் போன்றவர்களின் எண் என்ன என்பதைத்தான் கேட்க வேண்டும்.

நெடுநாள்வாசி

நோயாளி தரப்பிலிருந்து ஒரு குரல். எனக்குப் புராஸ்டேட் புற்றுநோய், பரவாத நிலையில் கண்டுபிடித்தார்கள். பிரிட்டனில் நடந்த புரோடெக்ட் ஆய்வின் எண்களை என் முன்னால் வைத்தார்கள்: 1,643 ஆண்கள், கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்று வழி. 15 வருடம் கழித்தும் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மொத்தமாக 2.7 சதவீதம், மூன்று குழுவிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான். நோய் பரவியது மட்டும் கண்காணிப்பில் 9.4 சதவீதம், மற்ற இரண்டிலும் 5 அளவில். அறுவை செய்துகொண்டவர்களில் 46 சதவீதம் பேர் ஆறாவது மாதத்தில் சிறுநீர்க் கசிவுக்குப் பேட் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆக, இதில் ‘சரியான’ வழி என்று ஒன்று கிடையாது. எதைப் பொறுத்துக்கொள்வேன் என்பதுதான் கேள்வி.

எனக்கும் இப்படி ஒரு படிவம். கசிவுக்குத்தான் நான் ஆக அதிகமான எடை கொடுத்தேன். அவமானம் தாங்க மாட்டேன் என்று நினைத்தேன். படிவம் கண்காணிப்பு என்றது, நானும் சரி என்றேன். ஆனால் நோய் வளர்கிறதா என்று பார்க்க ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை. முடிவு வரும் வரை அந்த மூன்று, நான்கு நாளும் நான் வீட்டில் யாரோடும் பேச மாட்டேன். மனைவிதான் சுட்டிக்காட்டினாள். ‘காத்திருக்கும் பயம்’ என்று அந்தப் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை. இரண்டரை வருடம் கழித்து அறுவை செய்துகொண்டேன். கசிவு வந்தது. பேட் வைத்துக்கொண்டேன், நடக்கப் போனேன், பேரனோடு விளையாடினேன். நான் நினைத்த அவமானத்தில் கால் பங்குகூட இல்லை.

என்னுடைய எடைகள் இரண்டுமே தவறு. ஒன்றை அதிகமாகப் போட்டேன், இன்னொன்றைப் போடவே இல்லை.

எண்திசை

நீங்கள் சொன்ன இரண்டும் இரண்டு தனிப் பிரச்சினைகள்.

முதலாவது, வராத நிலையைக் கற்பனை செய்து எடை போடுவது. நலமாக இருப்பவர்கள் நோயோடு இருக்கும் வாழ்க்கையை எப்போதும் அதிகக் கருப்பாகவே வரைகிறார்கள். டயாலிசிஸிலேயே 2005-ல் ஒரு ஆய்வு. டயாலிசிஸில் இருப்பவர்களிடமும் அதே வயதுள்ள நலமானவர்களிடமும் ஒரு சிறு கைக்கருவியைக் கொடுத்து, ஒரு வாரம் முழுக்க நடுநடுவே ‘இந்த நிமிஷம் மனநிலை எப்படி?’ என்று கேட்டார்கள். பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் நலமானவர்கள், டயாலிசிஸில் இருந்தால் தாங்கள் எவ்வளவோ துவண்டு போயிருப்போம் என்று நினைத்தார்கள். மனிதர் பழகிக்கொள்வார் என்பதை முன்கூட்டி யாராலும் எடை போட முடிவதில்லை.

இரண்டாவது, பட்டியலில் இல்லாதது. இதற்குக் கணக்கில் மருந்தே கிடையாது. நான் எவ்வளவு நல்ல சமன்பாடு வைத்திருந்தாலும், கேட்காத கூறுக்கு எடை கண்டுபிடிக்க முடியாது. ஆயுள், வலி, பயணம், களைப்பு என்று பட்டியல் போடுவது பெரும்பாலும் எங்களைப் போன்றவர்கள் ஒரு அறைக்குள் உட்கார்ந்து. நல்ல குழுக்கள் முதலில் நோயாளிகளோடு மாதக்கணக்கில் பேசிவிட்டுத்தான் பட்டியலைத் தொடும். அப்போதும் ஒருவருக்கு உயிர்நாடியாக இருப்பது பத்தில் ஒருவர்கூடச் சொல்லாததாக இருந்தால் பட்டியலில் ஏறாது.

சராசரி பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேலே 2 புள்ளி என்று ஒரு எல்லை பார்த்தோம். 100 பேரில் 50 பேருக்குப் பயணத்தின் கழிவு 4, மீதி 50 பேருக்கு 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 2. ‘மக்களுக்கு இரண்டு வழியும் சமம்’ என்று அறிக்கை போய்விடும். ஆனால் அந்த 100 பேரில் சமம் என்று நினைப்பவர் ஒருவர்கூட இல்லை. ஒத்த மனமுள்ளவர்களைக் குழுக்களாகப் பிரித்துப் பார்க்கும் கணக்கு முறைகள் இருக்கின்றன, நானும் அவற்றைத்தான் பயன்படுத்துகிறேன். ஒரு புதிய மருந்தையோ கருவியையோ அனுமதிக்கலாமா என்று அரசு அமைப்பு யோசிக்கும் இடத்தில் அது பயன்படும். 2015-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, உடல் பருமனுக்கான ஒரு கருவியை அனுமதித்தபோது, எவ்வளவு ஆபத்தை எவ்வளவு எடைக்குறைவுக்காக நோயாளிகள் ஏற்பார்கள் என்ற ஆய்வையும் கணக்கில் எடுத்தது. அது கூட்டத்துக்கான முடிவு. உங்கள் அம்மா கூட்டம் அல்ல.

சிறுபாதை

நாளைக்கு அம்மாவால் பேச முடியாமல் போனால்? அப்போது யார் சொல்வது? பிள்ளைகளுக்குத் தெரியாதா?

மூன்றாம் மணி

தெரியும் என்று எல்லாப் பிள்ளைகளும் நம்புகிறார்கள். நோயாளி என்ன சொல்வார் என்று நெருங்கியவர்களைக் கேட்டு ஒப்பிட்ட 16 ஆய்வுகளை 2006-ல் சேர்த்துப் பார்த்தார்கள். சரியாகச் சொன்னது 68 சதவீதம். மூன்றில் ஒன்று தவறு. அன்பு குறைவு என்பதால் இல்லை, பேசியதே இல்லை என்பதால்.

அதனால்தான் ஒருவர் எழுதியது, பேசியது எல்லாவற்றையும் வைத்து, அவர் என்ன விரும்பியிருப்பார் என்று கணினியை ஊகிக்கச் செய்யலாம் என்ற யோசனை 2024-ல் மருத்துவ அறவியல் அறிஞர்களிடையே பெரிய விவாதமானது. எனக்கு அது பயத்தைத்தான் தருகிறது. பேச முடிகிற காலத்தில் கேட்காமல் விட்டுவிட்டு, அப்புறம் எந்திரத்திடம் கேட்பதா?

கரையோரம்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், நிறைய நடந்துவிட்டது.

ராப்பணி அக்கா எழுதியதைப் படித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுவாரம் கிளினிக்கில் பேசி, அம்மாவை இன்னொரு தடவை அந்தக் கேள்விகளைச் செய்ய வைத்தேன். இந்தத் தடவை உள்ளே அம்மாவும் ஒரு நர்ஸும் மட்டும். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். 12 கேள்விக்கு 50 நிமிஷம் ஆனது. போன தடவை எட்டு நிமிஷத்தில் முடித்தவர்.

பட்டைகள் 38, 27, 35 என்று வந்தன. கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று சமம்! டாக்டர் குழம்பிப்போய், முதல் தடவை ஏன் அப்படி என்று கேட்டார். அம்மா சொன்னது இதுதான்: “பையன் பக்கத்தில் இருந்தான். சாகிற பக்கம் இருக்கிற கட்டத்தை எப்படித் தொடுவது?”

என்னால் அங்கே பேச முடியவில்லை.

அப்புறம் அம்மா கேட்ட ஒரு கேள்வி. “ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்தலாமா?” 12 கேள்வியில் எதிலும் இது இல்லை. எல்லாக் கட்டங்களும் ஒரு தடவை தொட்டால் முடிந்துபோகிற மாதிரிதான் போட்டிருந்தார்கள். அம்மா மனதில் ஓடிக்கொண்டிருந்ததோ இதுதான். ஏறினால் இறங்க முடியாத வண்டி என்று நினைத்துப் பயந்திருக்கிறார்.

டாக்டர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் சொன்னார். நிறுத்தலாம், அது உங்கள் உரிமை என்றார். குறிப்பிட்ட காலத்துக்குச் செய்து பார்த்துவிட்டு, தொடரலாமா என்று உட்கார்ந்து பேசும் முறையே இருக்கிறதாம். நிறுத்தினால் என்ன ஆகும் என்றும் அம்மா கேட்டார். சிறுநீர் அறவே போகாதவர்களுக்கு ஒரு வாரம், பத்து நாள் என்றும், கொஞ்சம் போகிறவர்களுக்கு இன்னும் கூட ஆகலாம் என்றும், கடைசி வரை வலியும் மூச்சுத்திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்வோம் என்றும் சொன்னார். அம்மா முகம் தெளிந்ததைப் பார்த்தேன். சாவைப் பற்றிய பதில் கேட்டு ஒருவர் முகம் தெளியும் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து அம்மாவே எழுதினார். மையத்தில் 3 மாதம் செய்து பார்ப்பது. பிறகு மூன்று விஷயத்தைப் பார்ப்பது. பெரியம்மாவுக்குக் கண் தெரியாது, எங்கள் வீட்டில்தான் இருக்கிறார், சாயங்காலம் அம்மாதான் அவருக்கு வாசித்துக் காட்டுவார். வாரத்தில் 4 நாளாவது வாசிக்க முடிகிறதா என்பது முதலாவது. தானாகக் குளிக்க முடிகிறதா, இரண்டாவது. மூன்றாவது வரியை எழுதிவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பினார்: ‘நான் நிறுத்த வேண்டும் என்று சொன்னால் இவன் சண்டை போடாமல் இருக்க வேண்டும்.’ கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

எண்திசை

உங்கள் அம்மா கேட்டதை எங்கள் குழுவில் இன்று காலை சொன்னேன். நாங்கள் தயாரித்துக்கொண்டிருக்கும் கேள்வித்தாளில் ‘நடுவில் மாற்றிக்கொள்ள முடியுமா’ என்று ஒரு கூறு இல்லை. இதயத்துக்கான ஒரு சிகிச்சை பற்றியது அது. சேர்க்கிறோம். நோயாளி மட்டும் தனியாக விடையளித்தாரா, கூட யார் இருந்தார்கள் என்றும் இனிமேல் குறித்துவைக்கப் போகிறோம். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நெடுநாள்வாசி

அந்த மூன்றாவது வரியை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

கரையோரம்

ராப்பணி அக்காவுக்கு ஒரு கேள்வி. நேற்று அம்மாவுக்கு இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இரண்டு ரத்தக் குழாய்களை இணைப்பது) வைத்தாயிற்று. வலது கையால் எழுதுகிறவர் என்பதால் இடதுகையில். வீட்டில் என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

ராப்பணி

அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள், ரத்தம் எடுக்க விடாதீர்கள். யாராவது மறந்து கேட்டால் அம்மாவே சொல்லப் பழகட்டும். அந்தக் கையில் பாரம் தூக்க வேண்டாம், இறுக்கமான வளையல், வாட்ச் வேண்டாம், அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்க வேண்டாம். ரத்தக் குழாய் தடித்து ஊசி போடத் தயாராவதற்குச் சில வாரம் முதல் சில மாதம் வரை ஆகும். பந்தை அழுத்தும் பயிற்சியை எப்போது ஆரம்பிப்பது என்று டாக்டர் சொல்வார்.

தினமும் காலையில் தழும்புக்குச் சற்று மேலே விரலை லேசாக வைத்துப் பாருங்கள். பூனையின் வயிற்றில் கை வைத்தது போல ஒரு அதிர்வு தெரிய வேண்டும். என்றைக்காவது அது இல்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போன் பண்ணுங்கள்.

கரையோரம்

இப்போதுதான் பார்த்தேன். தெரிகிறது. பெரியம்மாவும் கேட்டார், அவர் விரலையும் பிடித்து வைத்தேன்.